மிச்சமான ஐந்து ரூபாய்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை என்று ஆனபிறகு
கே.ஆர்.பி. அணையிலிருந்து காவேரிப்பட்டணம் வரை
கண்டக்டருக்கு நீட்ட வைத்திருந்த சில்லறையில்
ஒரு பழைய ஐந்து ரூபாய் கையிலேயே நின்றுவிட்டது.
தடித்த ரகம். விளிம்பில் பள்ளம் ஓடும்.
செலவு செய்ய மனம் வரவில்லை,
சேர்த்துவைக்கிற அளவுக்கு அது பெரிதுமில்லை.

இரவில் போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு
ஏதோ தேசத்துக்காரன் ஒருவனின் கைகளைப் பார்த்தேன்.
முகம் காட்டமாட்டான். கைகள்தான்.
கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர் மேட்டுக்கும் நடுவே
காசைக் கவ்வ வேண்டும்,
கவ்வியது தெரியாமல் விரல் தளர வேண்டும்.
எனக்கு அது சீக்கிரம் வந்தது.
ஆறு சீசன் மாம்பழம் அறுத்த கை.
கத்தி பிடித்த இடத்தில் காய்ப்பு,
காய்ப்புக்குப் பக்கத்தில் ஒரு குழி,
அளவெடுத்ததுபோல் ஐந்து ரூபாய்க்கு.

கூழ் ஃபாக்டரிக்குள் உலோகம் ஆகாது.
வளையல், ஊக்கு, மூக்குத்தி,
தாலிகூட வெறும் மஞ்சள் கயிறாக வர வேண்டும்.
வாசலில் ருக்கு தடவிப் பார்ப்பாள்.
இடுப்பு. கொண்டை. வாயைத் திற.
கையைக் காட்டு.
உள்ளங்கை காட்டும்போது காசு விரல்களுக்குப் பின்னால்.
திருப்பு என்றால் மறுபடி முன்னால்.
நடுவே இமைக்கிற நேரம்.
அந்த நேரத்தில் அவளிடம் ஏதாவது கேட்பேன்,
குழாயில் தண்ணி வந்துதா,
பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா.
இருபத்திரண்டு நாள்.

ராத்திரி ஷிப்டில் ஒன்றரை மணிக்குச் சோறு.
கை கழுவும் குழாயடியில் பதினொரு பேர்.
பெங்களூராக் கொட்டையின் பிளவிலிருந்து எடுத்தேன்.
சின்னப்பாப்பாவின் புளிச்சோற்றிலிருந்து எடுத்தேன்,
‘சீ’ என்று டப்பாவை மூடிக்கொண்டாள்.
எங்கள் பேச்சு ஒன்றும் விளங்காத ஒடிசாப் பெண் ஜமுனாதான்
முதலில் கை தட்டினாள்.
மாதம்மாளின் தோடில்லாத காதிலிருந்து எடுத்தபோது
“அடகுக் கடையில ஒரு ஜோடி கெடக்குது,
அதையும் அப்படியே இழுத்துக் குடு” என்றாள்.
சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் தேசிங்கு எட்டிப் பார்த்தார்.
எல்லோரும் சோற்றைப் பார்த்தோம்.

ஆடிப் பெருக்குக்கு முந்தின ராத்திரி
காய்ச்சலைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தேன்.
பழம் குழைந்து வந்தது, சாறு முழங்கை வரை.
அறுத்துக்கொண்டே இருந்தேன்.
கைக்குள் ஏதோ குறைந்தது.
அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை.

கால் மணி கழித்து மெஷின் கத்தியது.
பெல்ட் நின்றது.
நாலு டிரம் கூழைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள்.
காசு கிடைக்கவில்லை.
இவ்வளவு சுத்தமாக நான் எதையும் மறைத்ததில்லை.

“யாரு? கையக் காட்டுங்க.”
இருபத்திநாலு கைகள்.
சாற்றில் ஊறிச் சுருங்கியவை,
முன்னும் பின்னும் காலி.
ஜமுனாவிடம் இந்தியில் கேட்டார் தேசிங்கு.
அதுவும் விளங்காதவள்போல் நின்றாள்.

ஆளுக்கு அரை நாள் கூலி பிடித்தார்கள்.
குழாயடியில் மாதம்மாள்
காதை என் பக்கம் சாய்த்தாள்.
“எடு. அரை நாள் கூலி. எடுத்துக் குடு பாக்கலாம்.”
யாரும் சிரிக்கவில்லை. அவளும்.
கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு.

காலை ஆறு மணி, வாசலில் ருக்கு.
அவளையும் விசாரித்திருந்தார்கள்.
“ரெண்டு பக்கமும் பாத்துதான் விட்டேன்” என்றாளாம்.
இடுப்பைத் தொடவில்லை, கொண்டையைத் தொடவில்லை.
என் கையைப் பிடித்து
விரல்களுக்குப் பின்னால்,
இருபத்திரண்டு நாளும் பார்க்காத அந்த ஒரே இடத்தில்
ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

“காய்ச்சல் விட்டுருச்சு” என்றாள்.